வீட்டுக்கு ஒரு நம்பர்

என் மனைவி நாலு மாதம் உடம்பில் ரத்தம் குறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு மாடி ஏறி இறங்கினாள். அதற்குக் காரணம் நான் எழுதிய ஒன்பது வரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் வரிசையாக மற்றவர்களைத் திட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, பாவம், நல்ல மனுஷன், தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று உங்களில் யாராவது உச்சுக் கொட்டுவீர்கள். அந்த அனுதாபமெல்லாம் எனக்கு வேண்டாம்.

என் பிழைப்பு கோல்ட்ஃப்யூஷன், வெப்சைட் எழுதுகிற ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழி. அஸ்தினாபுரத்தில் எங்கள் அப்பார்ட்மெண்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். எவனைக் கேட்டாலும் க்ளவுட் என்பான், ஏஐ என்பான். நான் என் வேலையைச் சொன்னால் மட்டும் முகத்தில் ஒரு இளிப்பு வரும். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா சார் என்று பைக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பான். இருக்கிறதுடா. உன் பிள்ளையின் ஸ்கூல் ஆபீஸும் நீ ரத்தம் கொடுக்கப் போகிற லேபும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே நானும் இளித்து வைப்பேன்.

ஆபீஸ் சேலையூரில், கேம்ப் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடி. மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருத்தர் மேனேஜர். அவர் கார்டில் டெலிவரி ஹெட் என்று அடித்து வைத்திருப்பார். ஐந்து பேர் ஆபீஸுக்கு ஒரு ஹெட்! அவர் கடைசியாக ஒரு ப்ரோக்ராம் எழுதியது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. ஆனால் மீட்டிங் என்றால் மட்டும் வெள்ளை போர்டில் நாலு வட்டம் வரைந்து அம்பு போடாமல் விடமாட்டார். ஒருநாள் எங்கேயோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, டேக் என்கிற பழைய பாணியில் எழுதிய ப்ரோக்ராமையெல்லாம் ஸ்க்ரிப்ட் என்கிற புதுப் பாணிக்கு மாற்றப் போகிறோம், நாம் மாடர்ன் ஆகப் போகிறோம் என்று அறிவித்தார். டேக்குக்கும் ஸ்க்ரிப்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிப்பார். நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

எங்களிடம் இருந்த வேலைகளில் பெரியது ஒரு ரத்தப் பரிசோதனை லேபுடையது. அஸ்தினாபுரம், சேலையூர், படப்பை என்று மூன்று இடத்தில் கிளை. ரத்தம் கொடுத்துவிட்டுப் போனால் ஃபோனுக்கு ஒரு லிங்க் வரும். அதைத் திறந்து ஃபோன் நம்பரைப் போட்டால் ரிப்போர்ட் வரும். அந்தப் பக்கத்தைத்தான் நான் ஸ்க்ரிப்டுக்கு மாற்றினேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. டேட்டாபேஸ் ஒரு பெரிய ரிஜிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் கேட்கிற கேள்விதான் க்வெரி. ஸ்க்ரிப்டில் க்வெரிஎக்ஸிக்யூட் என்று ஒன்று இருக்கிறது. கேள்வியை எழுதி, ஃபோன் நம்பரைத் தனியாகப் பக்கத்தில் கொடுத்தால், அது போய்க் கேட்டுப் பதிலைக் கொண்டுவந்து வைக்கும். அந்தப் பதிலில் ஒரு வரி இருக்கலாம், நாற்பது வரி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, லூப் போட்டு ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டும். அப்படி எடுக்காமல், மொட்டையாக ஹீமோகுளோபின் என்ன என்று கேட்டால், முதல் வரியில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். பின்னால் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லாது. எர்ரரும் வராது. அதைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அதன் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கேட்கிறவனுக்குத்தான் புத்தி வேண்டும்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அந்தப் பக்கத்தை நாற்பது வரியில் எழுதி வைத்திருந்தார். நம்பரைப் போட்டதும் அதில் இருக்கிற பெயர்களையெல்லாம் பட்டியலாகக் காட்டும். உங்கள் பெயரைத் தொடுங்கள் என்று சொல்லும். தொட்டால் ரிப்போர்ட் வரும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு நம்பர், ஒரு ஆள், இதற்கு எதற்குடா பட்டியல் என்று தோன்றியது. அந்தக் காலத்து ஆள், வரிக்கணக்கில் எழுதினால்தான் வேலை பார்த்த மாதிரி என்று நினைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். லூப்பைத் தூக்கினேன், எண்ணிப் பார்க்கிற வரியைத் தூக்கினேன், பட்டியலைத் தூக்கினேன். ஒன்பது வரி மிஞ்சியது. என் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். போன வருஷம் நான் எடுத்திருந்த ரிப்போர்ட் பக்காவாக வந்தது. மீட்டிங்கில் மேனேஜர், நாற்பதை ஒன்பதாக்கிவிட்டார் பாருங்கள் என்று என்னைக் காட்டிக் கை தட்டி, கீழே பேக்கரியிலிருந்து ஆளுக்கொரு பஃப்ஸ் வரவழைத்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு தின்றேன்.

ஒரு நம்பர், ஒரு ஆளாம். எங்கள் ஊரில் எந்த வீட்டில் அப்படி இருக்கிறது? காஸ் சிலிண்டருக்குக் கொடுப்பதும், ஸ்கூலில் கொடுப்பதும், ரேஷன் கார்டில் இருப்பதும், ஆஸ்பத்திரியில் சொல்வதும் வீட்டுக்காரர் நம்பர்தான். பெண்டாட்டி கையில் தனியாக ஃபோன் இருக்கும். ஆனாலும் கவுண்ட்டரில் நம்பர் என்ன என்று கேட்டால் புருஷன் நம்பரைத்தான் ஒப்பிப்பாள். என் வீட்டிலும் அதே கதைதான். என் நம்பரில் நான் இருந்தேன், காய்ச்சல் வந்தபோது டெங்கு டெஸ்ட் எடுத்த என் மகள் இருந்தாள், பிறகு என் மனைவியும் வந்து சேர்ந்தாள். இது தெரிந்துதான் அந்தப் பழைய மனுஷர் பட்டியல் போட்டிருக்கிறார். எனக்குத்தான் புத்தி புல் மேயப் போயிருந்தது.

மனைவி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். ஆறேழு மாதமாகவே சோர்வாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடி ஏறினால் படபடவென்று வருகிறது என்றாள். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீள்கிறது என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வயசாகிறது, நாற்பத்துமூன்று என்ன சின்ன வயசா, காலையில் கொஞ்சம் நட என்று சொன்னேன். பெரிய டாக்டர் நான். அவள் பள்ளிக்கூடம் விட்டதும் அவளாகவே தெருமுனை க்ளினிக்குக்குப் போய், அவர்கள் எழுதிக் கொடுத்த டெஸ்டுக்கு அஸ்தினாபுரம் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். நம்பர் கேட்டார்கள். என் நம்பரைச் சொன்னாள்.

மறுநாள் ஆபீஸில் இருந்தபோது லிங்க் வந்தது. திறந்தேன். என் பக்கம், என் ஒன்பது வரி. எவ்வளவு வேகமாக வருகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். கண் முன்னால் எல்லாம் பச்சை, எல்லாம் நார்மல். அவளுக்கு ஃபோன் போட்டு, ஒன்றுமில்லை, சும்மா நினைத்துக்கொள்கிறாய், இதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் அந்த க்ளினிக்கில் உட்காராதே என்றேன். அப்படியா, சரிங்க என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஏறும்போது முதல் மாடியில் நின்று, பையைத் தரையில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் மேலே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறேன்.

இந்த நாலு மாதத்தில் அஸ்தினாபுரம் கவுண்ட்டரில் இருக்கிற பெண் ஆபீஸுக்கு மூன்று தடவை ஃபோன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றையேதான் சொன்னாள்.

"சார், ஒரு நம்பர்ல வூட்ல எல்லாரும் வர்றாங்க சார். லிங்க்ல மொதல் ஆளோடதுதான் வருது."

கவுண்ட்டரில் உட்கார்ந்து பில் போடுகிற பெண்ணுக்கு என் ப்ரோக்ராமைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு ஒரு திமிர். அதெல்லாம் அவர்கள் ஃபோன் பிரச்சினை, பிரவுசரை மூடித் திறக்கச் சொல்லுங்கள் என்று முதல் தடவை சொன்னேன். இரண்டாவது தடவை பிரவுசரில் தேங்கியிருக்கிற கேஷைக் கிளியர் பண்ணச் சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது தடவை ஒரு மெயில் போடுங்கள், பார்க்கலாம் என்றேன். மெயில் போட்டிருந்தாள். மேனேஜருக்கும் எனக்கும். அவர் அதை என் பக்கம் தள்ளிவிட்டார், நான் அதைத் திறக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது விழுந்துவிட்டாள் என்றார்கள். நான் போவதற்குள் ஆட்டோவில் ஏற்றி குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உதடெல்லாம் வெளுத்துக் காகிதமாக இருந்தது. ஹீமோகுளோபின் ஐந்துக்குப் பக்கத்தில், உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். கர்ப்பப்பையில் கட்டி இருக்கும்போலத் தெரிகிறது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் ரொம்பத் தெளிவாக, நாலு மாதம் முன்னால் டெஸ்ட் எடுத்தோம் சார், எல்லாம் நார்மல் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படியிருக்க வாய்ப்பே இல்லை, லேபில் கேட்டு அந்த ரிப்போர்ட்டை வாங்கி வாருங்கள் என்றார்.

வராந்தாவில் நின்று அஸ்தினாபுரம் கவுண்ட்டருக்கு ஃபோன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். மனைவியின் பெயரைச் சொன்னேன்.

"மேடத்துக்கு ஹீமோகுளோபின் அப்பவே ஏழுதான் சார். செவப்பு மையில சுழிச்சு டிராயர்ல வெச்சிருக்கேன். யாருமே வாங்க வரல சார்."

ப்ரோக்ராமைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. ஒன்பது வரியும் கண் முன்னால் வந்து நின்றது. லூப் இல்லை, எண்ணிப் பார்க்கிற வரி இல்லை. வருகிற பதிலின் முதல் வரியில் நான், இரண்டாவதில் மகள், மூன்றாவதில் அவள். அவள் ரிப்போர்ட் முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. எடுத்துக் காட்டத்தான் ஆள் இல்லை. மேனேஜருக்கு ஃபோன் செய்து அந்தப் பக்கத்தை உடனே நிறுத்தச் சொன்னேன். க்ளையண்ட்டுக்குத் தெரிந்தால் அசிங்கம், சத்தமில்லாமல் நாளைக்கு மாற்றிவிடலாமே என்றார் மனுஷர். நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி நார்மல் என்று நம்பிக்கொண்டு மாடி ஏறுகிறார்களோ என்று கத்தினேன். பக்கத்தை நிறுத்தினார்கள். ஒரே நம்பரில் பல பேர் இருந்த வீடுகளுக்கெல்லாம் லேபிலிருந்து ஃபோன் போட ஆரம்பித்தார்கள். அந்தக் கவுண்ட்டர் பெண்தான் உட்கார்ந்து போட்டாள், நானில்லை.

உள்ளே போனபோது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு ஃபோன் நம்பர் என்ன என்று கேட்டார். என் வாய் தானாக என் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தது. இவ்வளவுக்கு அப்புறமும்! மனைவி கண்ணைத் திறந்து, அது வேண்டாம் சிஸ்டர் என்று சொல்லி, தன் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நர்ஸ் போனதும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். க்வெரி என்றால் என்ன, பதில் எப்படி வரும், முதல் வரி மட்டும் ஏன் வருகிறது, நான் எதைத் தூக்கினேன், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, ஆனாலும் அந்த விளக்கத்தில் ஒளிந்துகொள்ள எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அன்றைக்கு லிங்கிலிருந்து இறக்கி வைத்த ரிப்போர்ட் இன்னும் என் ஃபோனில்தான் கிடந்தது. இதோ பார், இதுதான் வந்தது என்று காட்டினேன். அவள் ஊசி குத்தாத கையால் ஃபோனை வாங்கி, கிட்டத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தாள்.

"கம்ப்யூட்டர் தப்பா எடுத்துக் குடுத்துச்சு, சரி. மேல உங்க பேரு இருக்குதுங்களே. ஆண்னு போட்டிருக்கு. போன வருஷத் தேதி போட்டிருக்கு. நீங்க படிக்கலையா?"

படிக்கவில்லை என்றேன்.

அவள் ஃபோனை என் மடியில் வைத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்குத்தான் அதைத் திறந்தீங்க."