இலக்கம் போட்ட சிலிப்பர் கட்டைகள்

நாலைந்து நாடுகள் அலைந்து லூயிஷாமில் மண்டபம் துடைக்கும் வேலைக்கு வந்திருந்தேன். ஊரில் சண்டை இன்னும் ஓயாத காலம். ஒரு சனிக்கிழமை அங்கே வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர், எப்போதோ மூடப்பட்ட அமெரிக்கப் பாதை ஒன்றின் றெயிலை மேசைமேல் பொம்மையாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி டீசல் எஞ்சின் ஊதியது. கொடிகாமத்தில் எங்கள் வீட்டைத் தாண்டும் எஞ்சினும் அப்படித்தான் ஊதும்.

அப்பா அங்கே றெயில்வே கேற் காவலாளி. சண்டையில் றெயில் நின்ற பிறகும் தண்டவாளத்தில் புல் பிடுங்குவார். ஊரார் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளைக் கழற்றிப் பதுங்கு குழிகளுக்குக் கூரை போட்டபோது அவர் தொடவில்லை.

“பிள்ளையளைவிட உங்களுக்கு றெயில் பெரிசோ?” என்று அம்மா கேட்டார்.

அடுத்த நாள் அப்பா எங்கள் குழிக்கும் பன்னிரண்டு கட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் இலக்கம் எழுதினார்.

“ஏனப்பா இலக்கம்?” என்று கேட்டேன்.

“றெயில் வரேக்க அந்தந்த இடத்தில திருப்பி வைக்கவேணுமெல்லே.”

ஒருநாள் குண்டு கிணற்றடியில் விழுந்தது. குழிக்குள் நாங்கள் நாலு பேர். கட்டைகள் தாங்கின. அப்பா எங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு உடுத்திருந்த சாரத்தின் தலைப்பை நனைத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

“உது இனி இஞ்சயே கிடக்கட்டும்.”

கிழவர் ஒருவரிடம் எங்கள் ஊர்ப் பாதையைப் பற்றிச் சொன்னேன். இப்போது றெயில் ஓடுகிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.