கியோட்டோவில் முதல் நாள் எங்கே போவது

மகள் ஜப்பானுக்குப் போய், வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவள் இருப்பது கியோட்டோ என்ற பழைய ஊரில். ராஜாக்கள் ஆண்ட ஊராம், தெருவுக்குத் தெரு கோயிலாம். இந்த வருஷம் என்னை வந்து கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாள். விசாவும் வந்துவிட்டது. ஆனால் நான் போய் இறங்கும் வாரத்தில் அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. நாங்கள் சேர்ந்து வெளியே போகும் அந்த முதல் நாளில் என்னை எங்கே கூட்டிப் போவது என்பதுதான் எங்கள் பேச்சாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் போன் ஒழுங்காகக் கேட்பது வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் மட்டும். அங்கே உட்கார்ந்து பேசினால் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் பேச்சில் பங்கு உண்டு. பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் என் நாத்தனார். நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எனக்கும் அது வசதிதான்.

"அம்மா, மொத நாள் எங்க போகணும்னு ஆசப்படுறீங்க?"

"ஒன் இஷ்டம்மா."

"எல்லாத்துக்கும் என் இஷ்டம்னா எப்புடி? ஒங்களுக்குன்னு ஒண்ணும் இல்லியா?"

"ஒங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தா அந்த லீவே முடிஞ்சு போயிரும்" என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "தங்கக் கோயில் ஒண்ணு இருக்காம்ல, அங்க கூட்டிட்டுப் போ. பாத்துட்டு வந்து மதினி என்ன சொல்லும்? நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லும். அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, கொழுந்து பறிக்க வந்தவள் நான். வேலை செய்த காலத்தில் விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்போம். இன்றைக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று கங்காணி சொல்வார். சொன்ன இடத்துக்குப் போவோம். அட்டை கடிக்கிற மலையாக இருந்தாலும் கேள்வி கிடையாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மஸ்கெலியா பஸ் ஏறியிருக்கிறேன். இன்றைக்கு இங்கே போவோமே என்று நானாக நினைத்துக் கிளம்பிய காலை ஒன்றுகூட நினைவில் இல்லை. அதை ஒரு குறையாகவும் நினைத்தது கிடையாது. மகள் கேட்ட பிறகுதான், தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த முறை பேசும்போது போன் வீடியோவில் மகளின் முகமெல்லாம் சிரிப்பு.

"முடிவு பண்ணிட்டேம்மா. பக்கத்து ஊர்ல தேயிலத் தோட்டம் இருக்கு. சுத்திப் பாக்க வர்றவங்க அங்க கொழுந்து பறிக்கலாம். தொப்பி, கொழுந்துக் கூட எல்லாம் அவங்களே குடுப்பாங்க. புக் பண்ணிட்டேன். என்கூட வேல செய்றவங்களும் ரெண்டு பேரு வர்றாங்க."

"சம்பளம் எப்புடியாம்?" என்றாள் நாத்தனார்.

"சம்பளமா? நாமதான் அத்த காசு கட்டணும்."

நாத்தனார் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். "காசு கட்டிக் கொழுந்தா! ஏன் மதினி, இது தெரியாமப் போச்சே. தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லி நாமளும் இங்க டிக்கட் போட்டிருக்கலாம். அட்ட கடிக்கிறதுக்கு தனி டிக்கட்டு!"

அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"கிண்டல் பண்ணாதீங்க அத்த. எங்கம்மா ரெண்டு கையாலயும் பறிக்கிற வேகத்த இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவங்க அதப் பாக்கணும்."

ஹட்டனில் படித்த காலத்தில், அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், வீட்டில்தான் இருக்காங்க என்று சொன்ன பிள்ளை அவள். எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கோபம் இல்லை. இப்போது அந்நிய தேசத்தில் அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு எப்படி வேண்டாம் என்பது?

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வேலையை விட்ட பிறகும் தேயிலை ஓரமாக நடந்தால் என் கை தானாகக் கொழுந்துக்குப் போகும். சேலைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நடப்பேன். அந்தக் கையை நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பதை நினைத்தால் உடம்பு கூசியது.

நாத்தனார் கடைக்குப் போன நேரம் பார்த்து நானே போன் எடுத்தேன். நானாக எடுத்ததே இல்லை என்பதால் மகள் பதறிவிட்டாள்.

"யாருக்கும்மா என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அந்தக் கொழுந்து... அதுக்கு நான் வரல."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒன்கூட வேல செய்றவங்கள வீட்டுக்கு வரச் சொல்லு. சோறு ஆக்கிப் போடுறேன். கொழுந்து வேணாம்."

போனில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஒங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன்."

"பெருமதான். நீ சொன்னியே, அது போதும். செஞ்சு காட்ட வேணாம்மா."

"அப்ப எங்கதான் போறது?" குரலில் கோபம் இருந்தது.

உன் இஷ்டம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நீ அங்க போன புதுசுல, மொத லீவுக்கு எங்க போன?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லேன்."

"ஆத்தங்கரைக்கு. ஊருக்குள்ள ஒரு ஆறு ஓடுது. யாரையும் தெரியாது, பாஷையும் வராது. ஒரு பன் வாங்கிட்டுப் போயி, உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். பருந்து ஒண்ணு எறங்கிப் பன்ன புடுங்கிட்டுப் போயிருச்சு. அதுக்கும் சேத்து அழுதேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்றைக்குப் போனில் என்னிடம், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தேன், நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள். நானும் அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அங்க போகணும்" என்றேன்.

"அங்க பாக்க ஒண்ணுமே இல்லம்மா. தண்ணி ஓடும். வயசானவங்க நடந்துகிட்டு இருப்பாங்க."

"நீ உக்காந்த எடத்துல நானும் உக்காரணும். தங்கக் கோயிலு எங்கயும் போயிராது."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது. தோட்டத்துக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். பிறகு மளமளவென்று திட்டம் போட்டாள். எந்த பஸ், எங்கே இறங்குவது, கரையில் குளிராக இருக்கும், கம்பளிச் சட்டை வேண்டும், சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டு எடுத்துக்கொள்ளலாம்.

"பருந்து இன்னும் இருக்கும்மா. ரொட்டிய வெளிய எடுத்தா வந்துரும்."

"நீ சாப்புடு" என்றேன். "நான் மேல பாத்துக்கிட்டு இருக்கேன்."