கருப்பட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் சொந்தத்தில் பிடிவாதக்காரி என்றால் இன்றைக்கும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளாட்டுக் கிடாய். அதற்கு முன்னால் நானும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாகத்தான் இருந்தேன் என்று அம்மா சொல்லுவாள். மற்ற யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கருமத்தம்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். பக்கத்துத் தோட்டத்தில் கரண்ட் மோட்டார் வைத்து, மாடே இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் மேலே வருவதைச் சுற்றுவட்டாரமே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த வருஷம் அது. அப்பா மட்டும் போகவில்லை. இரண்டு மாடுகளைக் கட்டி எப்போதும் போலக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

கிடாயின் பெயர் கருப்பட்டி. நிறத்துக்காக நான் வைத்த பெயர். எனக்கு ஏழு வயதில் ஜன்னி கண்டு, பத்து நாள் கண்விழிக்காமல் கிடந்தேனாம். வாயில் எதுவும் இறங்கவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கை எடுத்துவந்து, அம்மாதான் கஞ்சித் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். பிள்ளை பிழைத்தால் அடுத்துப் பிறக்கிற கிடாய்க்குட்டி உனக்கு என்று எங்கள் காட்டுக் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நின்ற வாரத்தில்தான் கருப்பட்டியும் பிறந்து எழுந்து நின்றது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நடை பழகியவர்கள்.

அந்த மாசி மாதம் கம்பு அடித்துக் களத்தில் குவித்திருந்தார்கள். பெரியவர்கள் சாப்பிடப் போன நேரம் நான் காவல். காவல்காரி செய்த முதல் காரியம், கருப்பட்டியை அவிழ்த்துவந்து குவியலில் விட்டதுதான். பாவம், நாளெல்லாம் வேலங்காயும் காய்ந்த புல்லும் தின்கிறதே, ஒரு நாளாவது விருந்து சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அது வயிறு முட்டத் தின்றது. நான் குவியலைத் தடவிச் சரிசெய்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாள் வயிறு உப்பிக் கழிந்தது. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்துவிட்டால் இடதுபக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. கண் திறந்திருந்தும் எதிரில் நின்ற என்னைத் தெரியவில்லை. மதியத்துக்குள் கழுத்து முதுகுப் பக்கமாக வளைந்துகொண்டது, வானத்தில் எதையோ பார்க்கிற மாதிரி. பிறகு விழுந்துவிட்டது. கால்கள் நாலும் விறைத்து உதறின. நான் கம்பு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை.

அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

“தலச்சுத்துக் கண்டுபோச்சு. இனி தேறாது. சாமிக்கு வேற குட்டி பாத்துக்கலாம். உசுரு இருக்கையிலயே கசாப்புக்காரருக்குச் சொல்லி உடோணும்.”

நான் கருப்பட்டியின் மேல் படுத்துக்கொண்டேன். “நான் பாத்துக்கறனுங்க.”

“எத்தன நாளைக்கு அம்மணி பாப்ப?”

“பொளைக்கற வரைக்கும்ங்க.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. “ஏனுங்க, ஒரு பத்து நாளு உடுங்க. அதுக்குள்ள என்னாயிரப் போவுது?” என்றாள். கோயமுத்தூரில் மாட்டு ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் உழவுமாட்டுக்கே யோசித்து வண்டி கட்டுகிறவர்கள் வெள்ளாட்டுக்காகக் கட்டுவார்களா?

வண்டிக் கொட்டகையில் வைக்கோல் பரப்பிக் கருப்பட்டியைக் கிடத்தினேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் வயிறு ஊதிவிடும் என்பதால் இரண்டு பக்கமும் கோணிச்சாக்கைச் சுருட்டி அண்டைகொடுத்து, நெஞ்சை ஊன்றி இருக்கிற மாதிரி வைத்தேன். அடிக்கடி பக்கம் மாற்றினேன். தும்பைச்சாறு பிழிந்து மூக்கில் இரண்டு சொட்டு. விறைத்த கால்களுக்கு விளக்கெண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டுவேன். தீனிதான் பெரும்பாடு. தாடை கிட்டித்துக்கொண்டு வாயே திறக்காது. நான் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, உள்ளே போய்ப் பரணிலிருந்து அந்தச் சங்கை எடுத்துவந்து கொடுத்தாள். கடைவாயில் விரலை விட்டு, சங்கைச் செருகி, தவிட்டுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி என் பாவாடையில் வழிந்தது. மீதி உள்ளே போனதா என்று தொண்டையைத் தடவித் தெரிந்துகொள்வேன்.

போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்த மாமன், அம்மாவின் தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரயிலோடு சம்பந்தப்பட்டவர் என்பதால் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அவருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. தன் தலைவலிக்கு வாங்கிவைத்திருந்த சிவப்பு மருந்தை ஒரு மூடி ஊற்றினார். கருப்பட்டி அதை அவருடைய வெள்ளைச் சட்டையின் மேலேயே திருப்பிக் கொடுத்தது. “அக்கா, நெத்தியில ஒரு சூடு வெச்சாத்தான் இது சரிப்படும்” என்று கோபத்தோடு சொன்னார். சூட்டுத் தழும்பு விழுந்த கிடாய் ஒருவேளை பிழைத்தாலும் சாமிக்கு ஆகாது என்று அப்பா தடுத்துவிட்டார். அப்பாவுக்கும் கருப்பட்டி மேல் இரக்கம் வந்துவிட்டதாக நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்பதாம் நாள், கண்ணுக்கு நேராகக் கையை ஆட்டியபோது கருப்பட்டி இமைத்தது. கொட்டகையிலிருந்து கிணற்றுமேடு வரை கத்திக்கொண்டே ஓடினேன். பத்தாம் நாள் எந்தக் கசாப்புக்காரரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் எழுந்தது, விழுந்தது, எழுந்தது. நடக்க ஆரம்பித்தபோது பழையபடி இடதுபக்கமே சுற்றியது. கிளுவை வேலியை அதற்கு இடப்பக்கமாக வைத்து, வலப்பக்கம் நான் ஒட்டி நடந்தேன். திரும்ப இடமில்லாமல் அது நேராக நடக்கப் பழகிக்கொண்டது. அது உரசி உரசி என் இடது முட்டி வலது முட்டியைவிடக் கறுத்துப்போனது அப்போதுதான்.

அது ஓரளவு நேராக நடந்ததும் அம்மா எனக்கு ஒரு புது வைத்தியம் சொன்னாள்.

“சீக்கு போனாலும் நரம்புல சூடு கெடக்கும் கண்ணு. நித்தமும் காத்தால ஒரு சொம்பு பச்சத்தண்ணிய நெத்தியிலிருந்து வாலு வரைக்கும் ஊத்து. ஒடம்ப ஒதறுச்சுன்னா நரம்பு இன்னும் அடங்குலேன்னு அருத்தம். மறுக்காவும் ஊத்தோணும். ஒதறாம நின்னாத்தான் முழுசாத் தேறுச்சுன்னு வெச்சுக்க.”

முதல் நாள் ஏழு சொம்பு ஊற்றினேன். ஏழுக்கும் உடம்பைச் சிலிர்த்து உதறி என்னைக் குளிப்பாட்டியது. நான் விடுவேனா? உதறாமல் நின்றால் ஒரு கை வேலங்காய் என்று வழக்கப்படுத்தினேன். பங்குனி முடிவதற்குள் மூன்று சொம்பில் நின்றது. சித்திரையில் முதல் சொம்புக்கே அசையவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, என் மடியைத்தான் முகர்ந்தது. கருப்பட்டி முழுசாகத் தேறிவிட்டது என்று வீடு முழுக்க அறிவித்தேன். “நிறுத்திப்போடாதே, வைகாசி வரைக்கும் ஊத்து” என்றாள் அம்மா.

ஏன் வைகாசி என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் தெரியவைத்தார். ஒருநாள் கருப்பட்டி வேலியைத் தாண்டிக் குதித்து வந்ததைப் பார்த்து, “நல்லாத் தேறிப்போச்சு. வைகாசிப் பொங்கலுக்கே கருப்பண்ணனுக்குக் குடுத்தரலாம்” என்றார். அது நேர்ந்துவிட்ட கிடாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாமும் ஒருநாள் சாவோம் என்பது தெரிந்திருக்கிற மாதிரித்தான் அது எனக்குத் தெரிந்திருந்தது. தேறாவிட்டால் கசாப்புக்காரர், தேறினால் சாமி. நான் கண் எரிய எரியப் பார்த்த வைத்தியத்தால் அடைத்தது ஒரு வழியைத்தான்.

அம்மாவிடம் ஓடினேன். “நீதான நேந்துக்கிட்ட! நீயே வேண்டாம்னு சாமிகிட்டச் சொல்லு!”

அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். “சாமிகிட்டக் குடுத்த வாக்கு. உன்ற உசுருக்குக் குடுத்த வாக்கு. பேச்சு மாறுனா அது உம்மேலதான் வந்து உளுகும். நானெப்படிக் கண்ணு சொல்லட்டும்? போ, தண்ணி ஊத்தற நேரமாச்சு.”

இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமே.

வைகாசிப் பொங்கலன்று கருப்பண்ணன் கோயில் ஊஞ்சமரத்தடியில் சொந்தபந்தம் கூடியிருந்தது. கறிச்சோறு என்று மாமன் போத்தனூரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். வழக்கமாகக் குழந்தைகளைக் கிடாய் வெட்டும் இடத்துக்கு விடமாட்டார்கள். நான் கருப்பட்டியின் கயிற்றை விடாததால் என்னையும் சேர்த்தே இழுத்துப்போக வேண்டியதாயிற்று. அங்கேதான் துளுக்கு என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்டேன். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். உதறிய பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள்.

பூசாரி நெற்றியிலிருந்து வால் வரை ஒரு சொம்பு ஊற்றினார். எல்லோரும் கைகூப்பிக் கருப்பட்டியையே பார்த்தார்கள். அது காலை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கல்லுமாதிரி நின்றது. இரண்டாவது சொம்பு. அசைபோட ஆரம்பித்தது. அப்பா செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்தார். “என்ன குத்தமிருந்தாலும் பொறுத்துக்கோணும் சாமி” என்று பூசாரி சத்தமாக வேண்டிக்கொண்டு மூன்றாவதை ஊற்றினார். கருப்பட்டி மெதுவாகத் திரும்பி வந்து, என் பாவாடை மடிப்பில் வேலங்காயைத் தேடியது. நடுங்கியது அம்மாதான். கூப்பிய கைகள் ஒன்றோடொன்று இடிக்கிற அளவுக்கு நடுங்கினாள். சாமி வந்துவிட்டதோ என்று யாரோ ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

“சாமிக்கு இது வேண்டாமாட்டம் இருக்குதுங்க. புள்ளைக்கே குடுத்துப்போட்டாருங்க” என்றார் பூசாரி.

அப்பா விடுவதாக இல்லை. வேறு கிடாய் பிடித்துவரலாமா என்று கேட்டார். அம்மா அத்தனை பேர் முன்னால் குறுக்கே வந்து நின்றாள். “வேண்டாம்னு சாமியே சொல்லிப்போட்டுதுங்க. அதுக்கு மேல திணிக்கறதுக்கு நாம ஆருங்க?” என்றாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். மாமன் பூசணிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு யாரோடும் பேசாமல் சாப்பிட்டார்.

கருப்பண்ணன் என்மேல் இரக்கப்பட்டார் என்று இருபது வருஷம் நம்பினேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, எங்கள் எருமைக்கு வைத்தியம் பார்க்க வந்த மாட்டு டாக்டரிடம் என் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொண்டபோது அவர் சிரித்தார். கம்பை அளவுக்கு மீறித் தின்றதால் வந்த சத்துக்குறைவு அது, தவிட்டுக் கஞ்சி காப்பாற்றியிருக்கும், தண்ணீருக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்றார். அடுத்த முறை பிறந்த வீட்டுத் தோட்டத்துக்குப் போனபோது அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன், தெரிந்துதான் ஊற்றச் சொன்னாயா என்று. அம்மா கோயில் இருந்த திசையைப் பார்த்தாள். தலை நரைத்த பிறகும் அவளுக்குப் பயம் போகவில்லை.

“மெதுவாப் பேசு கண்ணு. சாமி காதுல உளுந்துரும்.”

கிடாய் கொடுக்காவிட்டால் அந்த வாக்கு என்மேல்தான் வந்து விழும் என்று முழுசாக நம்பியவள் அவள். நம்பிக்கொண்டேதான் அதைச் செய்திருக்கிறாள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க, நான் ஒரு தும்மல் போட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தூங்குகிற என்னை எழுப்பிப் பேசவைப்பாள். எனக்கோ கருப்பட்டியைச் சாகக் கொடுக்கத் துணிந்தவள் என்ற கோபம் தீரவில்லை. சூடு இருக்கிறதா என்று பார்க்க வரும் அந்தக் கையை ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு, கருப்பட்டியிடம் ஓடினேன்.