குள்ளன் கடைசியில் என்ன ஆவான்?

செல்விக்கும், கூடச் சேர்ந்து வாசிக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும்,

உன் அண்ணன் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான்.

இன்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில், முந்திரி விற்கும் மீனாட்சி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்படி என்னதான் இன்னும் படிக்கிறா ஒங்க பேத்தி? ஒங்களுக்காவது தெரியுமா?" என்றாள்.

உன் நட்சத்திரப் படிப்பைப் பற்றிப் போன கடிதத்தில் நீ எழுதியதைச் சொன்னேன். "ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு சுத்துது. ஒருத்தன் செவப்பு ராட்சதன், ஒருத்தன் வெள்ளக் குள்ளன். ராட்சதன் ஒடம்புல இருக்கறதக் குள்ளன் இழுத்துக்கிறான். சூடும் குள்ளனுக்குத்தான் அதிகம்."

"பெருசுக்குத்தானே சூடு இருக்கும்?"

"அடுப்பு செவப்பா எரியுது, பெட்ரோமாக்ஸ் வெளக்குல மேண்டில் வெள்ளையா எரியுது. எதப் பார்த்தா கண்ணு கூசுது?"

சிரித்தாள். அப்புறம், "இழுத்துக்கிட்டே இருந்தா கடைசியில குள்ளன் என்ன ஆவான்?" என்றாள்.

அதை நீ எழுதவில்லை. நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அது எட்டவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே பஸ்ஸில் வருவாள். அதற்குள் பதில் எழுது. புதுப் போட்டோ ஒன்றும் தபாலில் அனுப்பு. என்னிடம் இருப்பதில் நீ பள்ளிக்கூடப் பிள்ளையாக ரெட்டைச் சடையோடு நிற்கிறாய். அதைக் காட்டி இதையெல்லாம் சொன்னால் யார் நம்புவார்கள்?