தரைக்கு என்ன நிறம்?

இன்று மீஞ்சூர் பிரவுசிங் சென்டரில் போர் விமான கேம் ஆடிக்கொண்டிருந்தேன். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் கிரேன் ஓட்டும் தாஸ் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாபா, தரை இவ்ளோ பச்சையா கீது? நான் டெய்லி மேலேர்ந்து பாத்துக்கினு கீறேன். எல்லாம் சாம்பல் கலருதான்."

உயரத்தில் வேலை செய்பவர் சொல்கிறார், மறுக்க முடியுமா?

கேமின் படக் கோப்புகளைத் திறந்து வயல், ஏரி, வானம் எல்லாவற்றையும் அவர் சொன்ன நிறத்துக்கு மாற்றினேன். முழுதாக ஒரு மணி நேரம் ஆனது.

பிறகு எதிரி விமானத்தைத் துரத்தினேன். மேலே ஏறுவதாக நினைத்து நேராகத் தரையில் போய் மோதினேன். வானம் எது, தரை எது என்றே தெரியவில்லை.

"செத்துட்டேண்ணா!"

"அத்த வுடு. கலரு அப்டியே நம்ம ஊரு!" என்று கை தட்டினார்.

நாளை இதே கேமில் செவ்வாப்பேட்டை ஆட்களோடு போட்டி. பொய்ப் பச்சையில் ஜெயிக்கவா, நம்ம ஊர் கலரில் சாகவா? சொல்லுங்கள்.