இருபத்தைந்தாவது ஆள்

யாருக்காவது வாக்குக் கொடுத்தால் பாப்பம்மா சின்னம்மா உடனே முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார். காரியம் முடிந்தால்தான் அவிழ்ப்பார். கோயிலுக்கு எண்ணெய், யாருடைய பிள்ளைக்கோ பிறப்புச் சான்றிதழ் என்று, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்த நுனி கட்டிகட்டியாகத்தான் இருக்கும். சேலை மாற்றினால் மிச்ச முடிச்சுகளும் மறு சேலைக்கு மாறும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பெண்கள் பங்குக்கு ஆள் போதாமல் ஒரு சுயேச்சைக் குழு அவரைப் பட்டியலில் சேர்த்தது. பிரதேச சபைக்குப் போய்விட்டார். சபையில் ஆளுங்கட்சிக்குப் பன்னிரண்டு பேர், எதிரணிக்கும் பன்னிரண்டு. இருபத்தைந்தாவது ஆள் சின்னம்மா.

அதன்பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும் படிகளில் ஓயாத செருப்புச் சத்தம். முதலில் எதிரணியின் ஷிஹாப் வந்து, சபைத் தலைவர் தெரிவுக்கு ஆதரவு கேட்டார். சின்னம்மாவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது கண்டி ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டியவர். ஒரு முடிச்சு. மறுநாள் ஆளுங்கட்சிக்காரர் வந்து, ஆதரித்தால் லயம்வரை ரோட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவருக்கும் ஒரு முடிச்சு.

அரசியல் விஞ்ஞானம் படித்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"சின்னம்மா, ஒங்ககிட்ட இருக்கிறது ஒரே ஓட்டு."

"வீடு தேடி வந்தவங்கள இல்லேன்னு அனுப்பச் சொல்றியா?"

ரோட்டு எங்கள் வீட்டுக் கவலை. அக்கா ஜெயராணியை முதல் பிரசவத்துக்குக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் சுமந்துதான் இறக்கினோம். ரோட்டு வராமல் விடமாட்டேன் என்று சின்னம்மா அன்றைக்கே ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். வருகிற தையில் அக்காவுக்கு அடுத்த பிரசவம்.

தவிசாளர் தெரிவு நடந்த அன்று, வாக்களிப்பு பகிரங்கமா இரகசியமா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு. இரகசியம் கேட்ட ஷிஹாப் பக்கம் சின்னம்மா கை உயர்த்தினார். பதின்மூன்று. பிறகு எல்லோரும் மறைவில் சீட்டில் புள்ளடி போட்டார்கள். ஆளுங்கட்சிக்குப் பதின்மூன்று.

எனக்கு விளங்கவில்லை. வீடு வந்ததும் கேட்டேன்.

"ரெண்டு தடவ கேட்டாங்க. ஆளுக்கொன்னு குடுத்தேன்" என்று இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தார்.

ஆளுங்கட்சி பார்த்தது, அவர் எதிரணியோடு தூக்கிய கையை மட்டுமே. எதிரணியில் ஒருவர் தானே மாறிப் போட்டதாகச் சொல்லிக்கொண்டு போய், பொன்னாடையும் தன் ஊருக்கு ரோட்டும் வாங்கிவிட்டார். கல்லும் மணலும் அங்கே இறங்கியாயிற்று.

"நீங்கதான் போட்டீங்கன்னு போய்ச் சொல்லுங்க சின்னம்மா" என்று கெஞ்சினேன்.

"ரகசியம்னு கை தூக்கிட்டு நானே போய்ச் சொல்றதா?"

அப்படியானால் பத்திரிகையில் எழுதுவேன் என்றேன். "எழுது. அது நீ சொன்னது, நான் சொன்னதில்லையே" என்றார். அந்த மண்டபத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் இவர் ஒருவர்தானோ என்று யோசித்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

நேற்று அக்கா வயிற்றைப் பிடித்தபடி படியேறி வந்து, மூச்சு வாங்கச் சின்னம்மாவின் வாசலில் நின்றாள். சின்னம்மா முந்தானையைத் துழாவி, ரோட்டுக்காகப் போட்டு மிஞ்சியிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து இன்னும் இறுக்கினார்.