மேஜருக்கு முப்பத்தாறு அங்குலம்

சங்கையாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பெட்டியறை அவருடைய பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் கொழுந்துச் சாக்கு தூக்க மலை ஏறியவர். முப்பது வருஷமாகத் தேயிலைப் பெட்டி அடிக்கிறார். ஒட்டுப்பலகை, மூலைக்குத் தகரப் பட்டை, வாய் நிறைய ஆணி. நாலு ஆணி அடிப்பார், எழுந்து வாசல்வரை போய் வருவார், மறுபடி நாலு ஆணி. ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் திட்டிப் பார்த்து விட்டுவிட்டார். வேலை குறையவில்லையே, என்ன சொல்ல?

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் அவருக்கு வந்த தவிப்பு வேறு மாதிரி. எஸ்டேட் துரை வேலையை முடித்துக்கொண்டு லண்டன் போகிறார். கூடவே அவருடைய நாய் மேஜரும். சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம். துரை காலையில் ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்கும் நேரம் அது பெட்டியறையில் மரச்சீவல்மேல் படுத்துக்கொள்ளும். சங்கையா கஞ்சிக்குக் கொண்டுவந்த கருவாட்டில் பாதி அதற்குத்தான். யாராவது கேட்டால், "நாய்மேல எனக்கென்ன? நாத்தம் தாங்கல, தூக்கிப் போட்டேன்" என்பார்.

கொச்சியிலிருந்து பம்பாய்க்கு ரயில், பம்பாயிலிருந்து ஜம்போ விமானம். ஜம்போவின் வயிறு ஒரு வீடு அளவு. நாயை அடைத்து ஏற்றும் கூடு நாற்பது அங்குல உயரம் இருக்கலாம் என்று விமானக் கம்பெனி எழுதியிருந்தது. அடிக்கிற வேலை சங்கையாவுக்கு வந்தது. சங்கையா மேஜரை நிறுத்திக் காது நுனிவரை அளந்தார். முப்பத்தேழு. தாராளம். அடித்து முடித்து, காற்றுக்கு ஓட்டையும் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஆபீஸ் ரைட்டர் இன்னாசிராஜ் தந்தியோடு வந்தார்.

"சங்கையாண்ணே, ஜம்போ கிடையாதாம். எண்ணெய் விலை ஏறிப்போச்சு, பாதி சீட்டு காலி. பழைய சின்ன பிளேனத்தான் அந்த ரூட்டுல விடுதானாம்."

"விட்டா விடட்டும். நமக்கென்ன?"

"பிராணி ஏத்துற கதவு சின்னது. கூடு முப்பத்தாறுக்கு மேல ஆகாது. நாய் தலை இடிக்காம நிக்கவும் வேணும். கொச்சியில அவுங்க ஆபீசர் பாத்துட்டுத்தான் அனுமதிச் சீட்டு எழுதுவாராம்."

"நாயே முப்பத்தேழு இருக்கு, ரைட்டரே."

"அதுக்கு நான் என்ன செய்ய? பிளேன அவன் மாத்திட்டான். நாய நீரு மாத்தும்."

சங்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் முன் பக்கத்து டிவிஷன் துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் இரண்டு நாய்களையும் பங்களாவுக்குப் பின்னால் நிறுத்திச் சுட்டார். அடுத்தவன் கையில் விட மனசு இல்லையாம். அவற்றைப் புதைக்கப் பெட்டி அடித்தது சங்கையாதான். இந்தத் துரையும் அதையேதான் சொன்னார். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிவரை பார்ப்பாராம். கூடு சரிப்படாவிட்டால் துப்பாக்கி.

"எனக்குக் குடுத்துட்டுப் போங்க, துரை."

"லயத்துல நாய் கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? நானு. புது மேனேஜர் வந்து சுடும். அதுக்கு நானே சுடலாம்." சொல்லிவிட்டுத் துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சங்கையா கூட்டைப் பிரித்தார். அடிச்சட்டத்தைக் கழற்றினார். இரட்டைப் பலகைக்கு ஒற்றைப் பலகை. வெளியே முப்பத்தாறு, உள்ளே முப்பத்தைந்து. அதற்கு மேல் பலகையைச் சீவினால் நாய் மிதித்த மிதியில் உடையும். மேஜரை நிறுத்தி மறுபடி அளந்தார். முப்பத்தேழு. வாசலுக்கும் கூட்டுக்கும் நடந்தார். மறுபடி அளந்தார். அளந்துகொண்டே இருந்தால் நாய் குட்டையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மதியம் கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவி ராமுத்தாய் கதவருகே நின்று பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவள், ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு.

"நீங்க முன்னால நிக்கிறவரைக்கும் அது குறையாது."

"என்ன உளறுத?"

"கருவாடு குடுக்குற ஆளு நிக்கீக. அது தலைய நிமித்திக்கிட்டு உங்க மூஞ்சியில்ல பாக்குது? அளவுகோல எங்கிட்டக் குடுத்துட்டு அந்தால போங்க."

சங்கையா போனார். போனவர் நிற்கவில்லை, கொதிகலன் அறைவரை போய்விட்டார். ராமுத்தாய் குரல் கொடுத்ததும் ஓடி வந்தார். முப்பத்து நாலு. சங்கையா எதிரில் இல்லாதபோது மேஜர் கழுத்தைத் தளர்த்தித்தான் நிற்கும். ஓரங்குலம் மிச்சம்.

திங்கட்கிழமை துரை, சங்கையாவை வெளியே அனுப்பிவிட்டுத் தானே பார்த்தார். துப்பாக்கியை உள்ளே வைக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கொச்சி. சங்கையா சொன்னால்தான் மேஜர் கூட்டுக்குள் போகும் என்பதால் துரையோடு ஜீப்பில் அவரும் போனார். டிரைவர் மொக்கையன் வழியெல்லாம் கேலி செய்தான். "அண்ணாச்சி, வண்டி ஓடயில எந்திரிச்சு நடந்துராதீங்க."

கம்பெனிக் கிடங்கில் மேஜரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் சங்கையா வெளியே வந்தார். ஆபீசர் அளவு நாடாவோடு உள்ளே போனார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் மோப்பம் பிடிக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளிப் போனார். நாய் ஒரு தடவை குரைத்தது. இன்னும் தள்ளிப் போனார். காற்று இவர் பக்கமிருந்து கிடங்குப் பக்கம் அடித்தது. பீடி பற்ற வைக்கவும் பயம், அந்த வாசனை அதற்குத் தெரியும். தெருவைத் தாண்டினார், படகுத்துறையைத் தாண்டினார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஜீப் தேடி வந்தது.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரமா வருவாக? கரையோரமெல்லாம் தேடிட்டேன்."

"என்ன ஆச்சு?"

"சீட்டு எழுதிட்டாரு. உள்ள கைய விட்டே பாத்தாரு, தலைக்கு மேல எடம் இருக்குன்னுட்டாரு."

"நல்லா நின்னுச்சா?"

"நின்னுச்சு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு." மொக்கையன் கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்க. ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு, நீங்க ஒருக்கா பாத்துட்டுப் போகணுமாம். துரை சொன்னாரு."

சங்கையா ஒரு காலை ஜீப்பில் வைத்தார்.

"அந்த ஆபீசர் போயிட்டாரா?"

"எங்க போக? அங்கதான் டீ குடிச்சுக்கிட்டு நிக்காரு."

சங்கையா ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப வேண்டாம். வண்டிய மலைக்குத் திருப்பு."